வீட்டுப் பக்கத்துச் சுவர்

எத்தனை வருஷத்துக்குத் தாங்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல், யாரோ கூப்பிட்டார்கள் என்று கடைக்காரன் பால்துரை கல்லாப் பக்கம் போய்விட்டான். கேள்வி மட்டும் போகவில்லை. சாய்த்து வைத்த கல் பலகைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கஸ்பார் துண்டால் பிடரியைத் துடைத்தார். ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத புழுக்கம். திருச்செந்தூர் சாலையில் போகிற லாரிகள் கிளப்பிய தூசி வியர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் நறநறத்தது. எத்தனை வருஷத்துக்கு. கல்லைக் கேட்கிறானா, கல்லுக்கு முன்னால் நின்று வேகப்போகிறவளைக் கேட்கிறானா. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கட்டி தள்ளியும் பொடித்தும் காலம் கழித்த மனுஷனிடம் உப்புக்காற்றைப் பற்றி யாரும் கேட்கலாம், பதில் உண்டு. அங்கே இரும்புத் தூண் ஓலைப்பெட்டி மாதிரி இற்றுப்போவதை அவர் பார்த்திருக்கிறார், புதுக் கொக்கி ஒரு மழைக்காலத்தில் கையோடு பொடிந்து வருவதைப் பார்த்திருக்கிறார். அதற்காகத்தான் மகன் ஜெர்வின், “அப்பா, இதுல நாங்க தலையிடல, நீங்களே பாத்து வாங்குங்க” என்று சொல்லி, வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்துக் கட்டப்போகிற வெளி அடுப்படிக்குக் கல்லும் கதவும் கூரையும் சுவரும் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை அவரிடம் விட்டிருந்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவரிடம் அந்த வீட்டில் ஒரு காரியத்தை முழுசாக ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றார். இரண்டையும் சுட்டுப் போட்டவள் மனைவி கித்தேரி. அதை நினைத்தால் இப்போது நெஞ்சைக் கரிக்கிறது.

கடப்பாக் கல்லைத் தடவிப் பார்த்தார். சில்லென்றிருந்தது, ஆனால் இது புளியும் எலுமிச்சையும் பட்டால் வெளுக்கும், உப்பு ஏறினால் ஏடு ஏடாக உரியும். கறுப்புக் கிரானைட் பரவாயில்லை. பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார், விரல் ஈரம் மேலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை. நல்ல கல். மீன் அரிந்து கொட்டிய தண்ணீரும் இறங்காது. பால்துரை திரும்பி வந்து, கல்லைப் பிடித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்துகொண்டு, மேடையை எவ்வளவு உயரத்துக்கு வைக்கப் போகிறீர்கள், சமைக்கிற ஆளின் உயரத்தைப் பார்த்து வைத்தால்தான் இடுப்பு பிடிக்காது, அம்மா எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று கேட்டான். கஸ்பார் கையைத் தூக்கினார். தோளுக்கு வைத்தார். தோள்வரை வருவாளா? கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தெருவில் அவர் முன்னால் நடப்பார், அவள் பின்னால் வருவாள். வீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார், அவள் நிற்பாள். பக்கத்தில் பக்கமாக நின்றது எப்போது? கல்யாணத்தன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் நின்றிருப்பார்கள், அன்றைக்கு அவள் தலையில் பூவும் முக்காடும் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. கையைக் கொஞ்சம் இறக்கினார். நெஞ்சுக்கு வந்தது. மறுபடி ஏற்றினார். பெட்டியில் எத்தனை வரிசை வஞ்சிரம் அடுக்கலாம், ஐஸ் கட்டி இடுப்புக்கு எவ்வளவு மேலே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற கை, அந்தரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பால்துரை சிரித்தான். “போன் போட்டுக் கேளுங்க பெரியவரே, கூச்சப்படாதீங்க” என்றான். அவரும் சிரித்தார். பிறகு கேட்டுச் சொல்கிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

அவளும் அன்றைக்குச் சிரித்தாள் அல்லவா. அதில்தானே எல்லாம் தொடங்கியது. மச்சான் தஸ்நேவிஸ் வீட்டில் பேத்திக்குக் கோயிலில் புதுநன்மை கொடுத்த விருந்து, கறிச்சோறு, கூடமெங்கும் ஆட்கள். தஸ்நேவிஸ் புதுசாகக் கட்டிய மாடியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கூரைக்கு அடியில் காரை உப்பிக்கொண்டிருந்ததைக் கஸ்பார்தான் முதலில் கண்டார். உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, இப்போதே கொத்திப் பூசிவிடுங்கள் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். கித்தேரி சட்டென்று, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, “இவருக்கு ஐஸ் பொடிக்கத்தான் தெரியும், வீட்டைப் பத்தி இவருக்கு என்ன தெரியும், நீரு பேசாம இரும்ண்ணே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் உறைத்துவிட்டது என்று தெரிந்துபோகுமே. ஆனால் அது முள்ளாக இறங்கி நின்றது. சோற்று உருண்டையை முழுங்கினாலும் இறங்காத முள். அதற்கு முன்னால் இறங்கியவை எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. கல்யாணமான புதுசில் வஞ்சிரத் தலையை இவர் தட்டில் வைக்காமல் அண்ணன் தட்டில் வைத்தாள். இவருடைய அப்பா செத்த வீட்டுக்குத் தஸ்நேவிஸ் மூன்றாம் நாள் வந்தபோது எழுந்து நாற்காலி போட்டவள் இவள். ஜெர்வினுக்குப் பெயர் வைக்கும்போது தாய்மாமன் சொன்ன பெயரைத்தான் வைத்தார்கள். ஒன்றையும் அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததினால்தான் ஒன்றும் அழுகிப் போகவில்லை. ஐஸில் வைத்த மீன் மாதிரி எடுத்துப் பார்த்தால் கண்ணெல்லாம் தெளிவாக அப்படியே இருக்கும்.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பேச்சு வந்தது. கித்தேரி காலைப் பூசைக்குப் போயிருந்தாள். மருமகள் பெனிட்டா திண்டுக்கல்காரி, மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாமான். இங்கே தினமும் இரண்டு வேளை மீன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், இப்போது இரண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் வேறு இருக்கிறாள், மசக்கையில் நெத்திலி வாடை குடலைப் புரட்டுகிறது. அவள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. எழுந்து நின்றுதான் பேசினாள். “மாமா, அத்தை மனசு நோகாம ஒரு வழி பண்ணணும். அடுப்புக்கு மேல ஒரு சிம்னி வச்சிரலாமா? அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றாள். சிம்னிதான் கேட்டாள். எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவள் கேட்டது சிம்னிதான். ஜெர்வினும் அதைத்தான் சொன்னான். அப்போதுதான் கஸ்பார் வாயிலிருந்து அது வந்தது. “சிம்னி எதுக்கு? அவளுக்கு வெளியதான் சரி. பின்னாடி ஒரு அடுப்படி கட்டிப் போடுங்க, அங்க கெடக்கட்டும்.” கெடக்கட்டும் என்றா சொன்னார்? இருக்கட்டும் என்று சொன்னதாகவும் ஒரு நினைவு இருக்கிறது. இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். இல்லை, கெடக்கட்டும் என்றுதான். சொல்லும்போது நாக்குக்கு அது இனித்தது, அந்த இனிப்புக்கு இருக்கட்டும் என்கிற வார்த்தை பொருந்தாது. மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெனிட்டா, அத்தை ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று இழுத்தாள். அவளை எனக்குத் தெரியும், அவளுக்கு அதுதான் இஷ்டம் என்று அடித்துச் சொன்னார் கஸ்பார். உயரம்கூடத் தெரியாதவர் இஷ்டம் தெரியும் என்று சொன்னார்.

சொல்லி முடித்ததும் முள் இறங்கிவிட்டது. அதுதான் கொடுமை. அன்றைக்கு மத்தியானமே இறங்கிவிட்டது. கித்தேரி பூசையிலிருந்து வந்ததும் மகன் விஷயத்தைச் சொன்னான், உங்களுக்கு என்று தனியாக ஒரு அடுப்படி அம்மா என்று சொன்னான். அவள் முகம் மலர்ந்துபோனது. கோபப்படுவாள், மூக்கைச் சிந்துவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கஸ்பாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய சட்டி வைக்கலாம், மாதா திருவிழாவுக்கு வருகிற சனத்துக்கு அங்கேயே பொங்கிவிடலாம், கருவாடு சுட்டால் புகை கடலுக்குப் போய்விடும் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினாள். காலால் கோடு போட்டு, இங்கே அடுப்பு, இங்கே அம்மி என்றாள். பிறகு ராத்திரிச் சோறு போடும்போது அவரிடம் மட்டும் ஒன்று கேட்டாள். வீட்டைப் பார்த்த சுவரில் ஒரு சன்னல் வேண்டுமாம். பேத்தி கூடத்தில் உட்கார்ந்து படிப்பது காதில் விழவேண்டுமாம், டிவி நாடகம் பாதியாவது தெரியவேண்டுமாம், அவர் சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் ஒரு துண்டு வேண்டுமா என்று அங்கிருந்தே கேட்டுக்கொள்ளலாமாம். கஸ்பார் பார்ப்போம் என்றார். ஜெர்வின் போட்டுக் கொடுத்த படத்தில் கடல் பக்கம்தான் திறப்பு. வீட்டுப் பக்கம் முழுச் சுவர். வாடை வரக்கூடாது என்றுதானே கட்டுவதே, அந்தப் பக்கம் சன்னல் வைத்தால் கட்டி என்ன பிரயோசனம்? அதை அவளிடம் யார் சொல்வது? படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் மீனைத் தின்றார்.

பால்துரை கூப்பிட்டுக் கதவுகளைக் காட்டினான். மரம் வேண்டாம், ஊறி வீங்கும். சாதா இரும்பு வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காத எஸ்.எஸ்.ஸிலேயே இரண்டு தினுசு இருக்கிறது, ஒன்று உள்நாட்டுக்கு, கடற்கரைக்கு வேறு, இதைப் பாருங்கள் என்று அலமாரிக் கதவு ஒன்றைத் தட்டினான். கஸ்பார் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் கண் மூலையில் கிடந்த தகரத்தின் மேல் போனது. மலிவான தகரம், வெள்ளைப் பூச்சு, கூரைக்குப் போடுவது. கடல் பக்கம் அது இரண்டு மழைக்குத் தாங்காது. ஆணி அடித்த இடத்திலிருந்து செம்பழுப்பாக இறங்கும், பிறகு சல்லடை, பிறகு ஒரு காற்றுக்குப் பறந்துபோகும். பறந்துபோனால்? கூரையில்லாத அடுப்படியில் யாரும் சமைக்க முடியாது, அவள் உள்ளே வந்துதான் ஆகவேண்டும், அதற்குள் மருமகளுக்கும் பிரசவம் ஆகி மசக்கை தீர்ந்திருக்கும், சிம்னி வைத்துக்கொள்வார்கள், யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் கெட்டதாகப் பார்த்து வாங்கிவிட வேண்டியதுதான். சாதா இரும்புக் கம்பி, உரிகிற கல், ஊறுகிற கதவு. உப்புக்காற்றுக்கு எது சாகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தஸ்நேவிஸ் வந்து பார்த்துச் சிரிப்பார், கஸ்பாருக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்பார், சிரிக்கட்டும், இந்த ஒரு தடவை அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ளலாம். தகரத்தின் பக்கம் நாலு எட்டு நடந்தே போய்விட்டார். விளிம்பைத் தொட்டார். கூராக இருந்தது. பறந்துபோகிற அன்றைக்கு அவள் அதற்கு அடியில் நிற்பாளே. காற்று வருகிறது என்று அடுப்பை விட்டுவிட்டு ஓடுகிறவளா அவள்? குழம்பு இறங்குகிற பதம், ஒரு நிமிஷம் என்று நிற்பாள். துருப் பொடி முதலில் குழம்பில் விழும், அவள் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் கொதிக்க வைப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள், பிறகு ஒரு நாள் தகரமே விழும். விரலை எடுத்துவிட்டார். கெட்டது வாங்கினால் அவள் தலையில் விழும். நல்லது வாங்கினால் காலத்துக்கும் நிற்கும், அவளும் அதற்குள் காலத்துக்கும் நிற்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாமான் இந்தக் கடையில் இல்லை.

ஓடு போடச் சொன்னார். அலமாரிக்குக் கடற்கரைத் தினுசு எஸ்.எஸ்., கதவுக்கு யு.பி.வி.சி. பிளாஸ்டிக், மேடைக்குக் கறுப்புக் கிரானைட். ஒவ்வொன்றுக்கும் பால்துரை தலையை ஆட்டி, சரியான தேர்வு, சரியான தேர்வு என்றான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றும் ஒரு பூட்டுப் போடுகிற சத்தமாகக் கேட்டது. கடைசியில் சுவருக்கு வந்தார்கள். கடல் பக்கத்துக்குப் பூவேலை போட்ட ஓட்டைக் கல், காற்று வந்து போகும். வீட்டுப் பக்கத்துக்கு என்ன என்று அவன் கேட்டதும் கஸ்பார் சட்டைப்பையைத் தொட்டார், படத்தை எடுக்கவில்லை. சன்னல் வைத்துவிட்டால் என்ன? மகனிடம் நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். பெனிட்டா முகத்தைத் தூக்குவாள், தூக்கட்டும், கொஞ்ச மாசம்தானே. வாடை வரும், வரட்டும், ஒரு பலகையை இழுத்து மூடிக்கொள்ளலாம். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் அதில் ஒரு சன்னல் வைக்கலாம். இப்படி நினைத்ததும் கஸ்பாருக்குக் கால் தரையில் பாவவில்லை. எவ்வளவு சுலபமாக இருக்கிறது! யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டாம், குருசடிச் சிலுவைக்கு முன்னால் போய் முழங்கால் போடவேண்டாம், அகலம் மட்டும் கேட்டால் போதும். ஒரு நிமிஷம் இரு என்று பால்துரையிடம் சொல்லிவிட்டு, சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்த நிழலுக்குப் போய், வீட்டுக்குப் போன் போட்டார்.

அவள் எடுத்தாள். பின்னால் சரட் சரட்டென்று செதில் உரிக்கிற சத்தம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மீன் கழுவுகிறாள்.

“ஏட்டி, அந்தச் சன்னல் கேட்டியே. எவ்வளவு அகலம் வைக்கச் சொல்ல?”

“எந்தச் சன்னல்?”

“வீட்டுப் பக்கம் வேணும்னியே. பெருசா வச்சிருவோம். பிள்ள படிக்கிறது நல்லாக் கேக்கும்.”

செதில் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் விழுவது கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

“வேண்டாம்” என்றாள்.

“என்னது வேண்டாம்?”

“சன்னல் வேண்டாம். அந்தப் பக்கம் அடச்சுக் கட்டும்.”

கஸ்பார் போனை மறு காதுக்கு மாற்றினார். மகன் என்ன சொல்வான் என்று பயப்படுகிறாயா, நான் பேசிக்கொள்கிறேன் என்று ஏதோ சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னாள். காலையில் அவர் கிளம்பிப் போனதும் மருமகள் காப்பி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். அத்தை, உங்களை வெளியே அனுப்புகிறோம் என்று மனசில் வைக்காதீர்கள், நாங்கள் சிம்னிதான் கேட்டோம், உங்களுக்கு வெளியில்தான் இஷ்டம் என்று மாமாதான் சொன்னார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். அழுதாளாம். நல்ல பிள்ளை.

“கெடக்கட்டும்னு சொன்னீராமே” என்றாள் கித்தேரி.

இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. மூட்டையிலிருந்து கசிந்த சிமெண்ட் தூள் அவர் செருப்பைச் சுற்றிக் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கினார், மறுபடி கூட்டினார்.

“தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேனே. அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நாற்காலில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு.”

“கித்தேரி.”

“கல்லு எல்லாம் நல்லாக் கெட்டியாப் பாத்து வாங்கும். எனக்கு உள்ள இருக்கிறவங்க முகம் தெரியணும்னு இல்ல. நீரு உள்ள உக்காந்து சாப்பிடும், பிள்ள கொண்டாந்து வைக்கும்.” கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “நான் உமக்கு என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லும். இப்பவே சொல்லணும்னு இல்ல. சுவரு எழும்புறதுக்குள்ள சொன்னாப் போதும்.”

என்ன செய்தாள்? கஸ்பார் தேடினார். எல்லாம் இருந்தது, வரிசையாக, ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. வஞ்சிரத் தலை இருந்தது, நாற்காலி இருந்தது, செம்பும் சிரிப்பும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஐஸ் பொடிக்கத்தான் தெரியும்னு சொன்னே. ஒங்க அண்ணன் தட்டுல தலைய வச்சே. ஒரு கிழவன், சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு மீன் தலைக்காக. இவ்வளவு சின்னதா அது? இத்தனை காலம் நெஞ்சில் கிடந்தபோது ஆளை மூச்சுமுட்ட வைத்ததே, வாய்க்கு வந்தால் கடுகு அளவுகூட இல்லையே. இதைச் சொன்னால் அவள் சிரிப்பாள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, இதுக்கா என்று கேட்டுவிட்டால்? ஏட்டி என்றார். மறுபடி செதில் உரிக்கிற சத்தம் தொடங்கியிருந்தது. அவள் போனை வைக்கவில்லை, ஆனால் பேச்சை முடித்துவிட்டாள். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு அவராகவே பொத்தானை அமுக்கினார்.

பால்துரை கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அம்மாவைக் கேட்டாச்சா என்றான். கேட்டாச்சு என்றார் கஸ்பார். வீட்டுப் பக்கம் சன்னலா என்றான். இல்லை, முழுச் சுவர், கெட்டிக் கல் என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. பால்துரைக்குச் சந்தோஷம். நல்ல கல் வந்து இறங்கியிருக்கிறது, கைக்கு அடக்கமாக இல்லாமல் பெரிசு பெரிசாக இருக்கும், உப்பு ஏறாது, வாடை வராது, அந்தப் பக்கம் உரல் இடித்தாலும் இந்தப் பக்கம் கேட்காது என்று சொல்லிக்கொண்டே ஒன்றைப் புரட்டிக் காட்டினான். சாயங்காலமே லோடு ஏற்றி அனுப்பிவிடலாமா என்று கேட்டான். கஸ்பார் அவசரமில்லை என்றார். அடுத்த வாரம் அனுப்பு என்றார். மழை வரும் போலிருக்கிறது, மழை முடிந்து அனுப்பினாலும் போதும் என்றார்.

“மழைக்கு முன்னாடி முடிச்சிரணும் பெரியவரே. கொத்தனாரு காலையில கைய வச்சாருன்னா பொழுது சாயிறதுக்குள்ள எழுப்பிருவாரு. பெரிய கல்லு பாத்தீங்களா, சுவரு சீக்கிரம் எழும்பிரும்.”